அணையாத ஏர்பேக் விளக்கு

கேள்வி: தக்காளிப் பெட்டி ஏற்றிப்போக பழைய கார் வாங்கியிருக்கிறோம். மீட்டர் போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. வண்டி நன்றாக ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: விடக் கூடாது. சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால், விபத்தின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். சாவி போட்டும் விளக்கு எரியவே இல்லையென்றால் அதுவும் பழுதுதான். விற்பதற்காக விளக்கைத் துண்டித்து மறைப்பவர்களும் உண்டு.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் அறிமுகமான புதிய மாடல் கார்களில் முன்பக்கப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். பழைய கார் என்றால், பயணி பக்க டேஷ்போர்டில் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்ற ஆங்கில எழுத்துகள் உள்ளனவா என்று பார்க்கவும்.

பல கார்களில் முன் சீட்டுக்கு அடியில் இதற்கான வயர்கள் போகும். இணைப்புகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதும், பெட்டிகளைத் திணிக்கும்போதும் அவை தளரும். ஈரம் இறங்கினால் பச்சை பூக்கும். களத்தில் நிற்கும் வண்டியில் எலி கடிக்கும். பேட்டரி பலவீனமானாலும் விளக்கு எரியலாம்.

டார்ச் அடித்துப் பார்க்கலாம். கை வைக்க வேண்டாம். பம்புசெட்டுக்குப் பார்ப்பதுபோல மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே கூடாது. சிறிதளவு மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைத்துவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினால், எந்தச் சுற்றில் பழுது என்று கோடு காட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்த பிறகே மெக்கானிக் கை வைக்க வேண்டும். பழுது வயரிலா, ஏர்பேக்கிலா என்று அறிய, ஏர்பேக்குக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை மாட்டிச் சோதிப்பார்கள். அதையே நிரந்தரமாக விட்டால் விளக்கு அணையும். ஏர்பேக் வேலை செய்யாது. கோடை அழிப்பது மட்டும் ரிப்பேர் ஆகாது. எந்தக் கோடு வந்தது, எது மாற்றப்பட்டது என்று பில்லில் எழுதி வாங்கவும்.

சீட்டில் மூட்டை வைத்தால் மட்டும் 'பீப்' சத்தம் வந்தால், அது சீட் பெல்ட் எச்சரிக்கையாக இருக்கும்.

சரிசெய்யும்வரை முன் சீட்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம். ஓட்டுபவர் உள்பட எல்லோரும் பெல்ட் போட வேண்டும். சரிசெய்த பிறகும் குழந்தையை மடியில் வைத்து முன்னால் உட்காரக் கூடாது. விரியும் ஏர்பேக்கின் வேகத்தைக் குழந்தை தாங்காது. குழந்தைகளுக்குப் பின் சீட்தான்.