பிரித்தானியத் திரையரங்குகளில் திரைப்படத் தொடர்களின் வசூல்

பிரித்தானியத் திரையரங்குகளில் திரைப்படத் தொடர்களின் வசூல் என்பது, ஒரே கதைமாந்தரையோ கதைக்களத்தையோ அடிப்படையாகக் கொண்டு அடுத்தடுத்து வெளிவரும் பெருஞ்செலவுப் படங்கள் நுழைவுச்சீட்டு விற்பனையின் மூலம் ஈட்டும் தொகையைக் குறிக்கும். ஜேம்ஸ் பாண்ட், ஹாரி பாட்டர், ஸ்டார் வார்ஸ், மார்வெல் ஆகியன இவ்வகையில் முதன்மையான தொடர்களாகும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு முதலீடு செய்பவை அமெரிக்கப் படநிறுவனங்களே. எனினும் அமெரிக்காவில் ஒரு தொடர் பெறும் வெற்றி அதே அளவில் பிரித்தானியாவிலும் கிடைப்பதில்லை. உள்நாட்டு மக்கள் தமதெனக் கருதும் தொடர்களும், எல்லா வயதினரையும் ஈர்க்கும் தொடர்களுமே இங்கு முன்னிலை வகிக்கின்றன. மறுபுறம், இத்தகைய சில படங்களையே திரையரங்குகள் பெரிதும் நம்பியிருப்பது அவற்றின் நிலைப்புக்கு இடராக உள்ளது. 2020 ஆம் ஆண்டின் நிகழ்வுகள் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டின.

கணக்கிடும் முறை

திரைப்பட வணிகத்தில் ஐக்கிய இராச்சியமும் அயர்லாந்துக் குடியரசும் ஒரே சந்தையாகக் கொள்ளப்படுகின்றன. ஆகவே "பிரித்தானிய வசூல்" என வெளியிடப்படும் தொகையில் டப்ளின் நகரத் திரையரங்குகளின் வருமானமும் அடங்கும். ஆனால் பார்வையாளர் எண்ணிக்கை பொதுவாக ஐக்கிய இராச்சியத்துக்கு மட்டும் தரப்படுகின்றது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று வகுத்துச் சராசரி காண்போர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளவேண்டும்.

தொடக்க வசூலை ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. வழமையாக வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான மூன்று நாட்களே தொடக்க வாரஇறுதியாகக் கொள்ளப்படும். ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் நடைபெறும் காட்சிகளின் வருமானமும் இதனுடன் சேர்க்கப்படுவதுண்டு. எடுத்துக்காட்டாக, ஸ்கைஃபால் 2012 அக்டோபர் 26 வெள்ளிக்கிழமை வெளியாகி, முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ 2 கோடி பவுண்டு ஈட்டியது. ஸ்பெக்டர் 2015 அக்டோபர் 26 திங்கட்கிழமை வெளியாகி, முதல் ஏழு நாட்களில் ஏறத்தாழ 4.1 கோடி பவுண்டு ஈட்டியது. இவ்விரு எண்களை மட்டும் அருகருகே வைத்து ஸ்பெக்டர் இருமடங்கு வெற்றி பெற்றதாகக் கூறுவது பொருந்தாது. இறுதிக் கணக்கில் ஸ்கைஃபால்தான் கூடுதலாக ஈட்டியது.

வரலாற்றுப் பின்னணி

பிரித்தானியாவில் திரையரங்குக்குச் செல்லும் வழக்கம் 1946 இல் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டில் 163.5 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. பின்னர் தொலைக்காட்சியும் ஒளிநாடாவும் பரவியதனால் இவ்வெண்ணிக்கை தொடர்ந்து சரிந்து, 1984 இல் ஏறத்தாழ 5.4 கோடியாக வீழ்ந்தது. 1985 இல் மில்டன் கீன்ஸ் நகரில் பத்துத் திரைகளைக் கொண்ட "த பாயிண்ட்" என்னும் வளாகம் திறக்கப்பட்டது. இதுவே நாட்டின் முதலாவது மல்டிபிளெக்ஸ் எனப்படுகின்றது. இவ்வகை வளாகங்கள் நாடெங்கும் பெருகியதைத் தொடர்ந்து பார்வையாளர்கள் திரும்பினர். 2018 இல் 17.7 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. இது 1970 ஆம் ஆண்டுக்குப் பிந்தைய மிகக்கூடிய அளவாகும்.

பல திரைகளைக் கொண்ட வளாகத்தில் ஒரே படத்தை அரைமணிக்கொரு முறை தொடங்க இயலும். முதல் வாரத்திலேயே பெருந்திரளான மக்களை வரவழைக்கும் தொடர்ப்படங்களுக்கு இவ்வமைப்பு மிகவும் ஏற்றதாக அமைந்தது. 2010களில் ஒவ்வோர் ஆண்டும் 500 க்கும் மேற்பட்ட படங்கள் வெளியானபோதிலும், மொத்த வசூலில் ஏறத்தாழப் பாதி முதல் 20 படங்களிடமே சென்றது.

அதிக வசூல் பெற்ற படங்கள்

2025 ஆம் ஆண்டின் முடிவு வரையில், இச்சந்தையில் 9 கோடி பவுண்டுக்கு மேல் ஈட்டிய படங்கள் பின்வருமாறு:

- ஸ்டார் வார்ஸ்: த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் (2015) – ஏறத்தாழ 12.3 கோடி பவுண்டு
- ஸ்கைஃபால் (2012) – ஏறத்தாழ 10.3 கோடி பவுண்டு
- நோ டைம் டு டை (2021) – 9.5 கோடி பவுண்டுக்கு மேல்
- ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம் (2021) – 9.5 கோடி பவுண்டுக்கு மேல்
- பார்பி (2023) – ஏறத்தாழ 9.5 கோடி பவுண்டு
- ஸ்பெக்டர் (2015) – ஏறத்தாழ 9.5 கோடி பவுண்டு
- அவதார் (2009) – ஏறத்தாழ 9.4 கோடி பவுண்டு

இப்பட்டியலில் உள்ள ஏழு படங்களுள் மூன்று ஜேம்ஸ் பாண்ட் படங்களாகும். 10 கோடி பவுண்டைத் தாண்டிய முதற்படம் ஸ்கைஃபால் என்பது குறிப்பிடத்தக்கது. உலகின் பல நாடுகளில் சாதனை படைத்த அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் (2019) இங்கு ஏறத்தாழ 8.9 கோடி பவுண்டு ஈட்டி இவற்றுக்குக் கீழேயே நின்றது. பார்பி, அவதார் ஆகிய இரண்டும் வெளியானபோது எத்தொடரின் தொடர்ச்சியாகவும் இருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இப்பட்டியல் பவுண்டு மதிப்பில் அமைந்தது. நுழைவுக்கட்டணம் ஆண்டுதோறும் உயர்வதால் புதிய படங்களுக்கு இது சாதகமாகும். பிரித்தானியத் திரைப்படக் கழகம் 2004 இல் பார்வையாளர் எண்ணிக்கையின் அடிப்படையில் வெளியிட்ட பட்டியலில் கான் வித் த விண்ட் (1939) ஏறத்தாழ 3.5 கோடிப் பார்வையாளர்களுடன் முதலிடத்தையும், த சவுண்ட் ஆஃப் மியூசிக் (1965) ஏறத்தாழ 3 கோடியுடன் இரண்டாம் இடத்தையும் பெற்றன. ஸ்கைஃபாலின் வசூலை அவ்வாண்டின் சராசரிக் கட்டணமான சுமார் 6.40 பவுண்டால் வகுத்தால் ஏறத்தாழ 1.6 கோடி நுழைவுச்சீட்டுகளே கிடைக்கின்றன. ஆகவே "எக்காலத்திலும் சிறந்த வசூல்" என்னும் விளம்பரம் பண அளவில் உண்மையாயினும் மக்கள் அளவில் உண்மையாகாது.

அமெரிக்க வசூலுடன் ஒப்பீடு

ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து ஆகியவற்றின் கூட்டு மக்கள்தொகை, அமெரிக்கா, கனடா ஆகியவற்றின் கூட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். எனவே ஒரு படத்தின் பிரித்தானிய வசூல் அதன் வட அமெரிக்க வசூலில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சினால், அப்படம் இங்கு சிறப்பான வரவேற்பைப் பெற்றதாகக் கொள்ளலாம்.

எண்ட்கேம் வட அமெரிக்காவில் 85.8 கோடி டாலர் ஈட்டியது. பிரித்தானியாவில் அது ஈட்டியது இதில் ஏழில் ஒரு பங்கு அளவே ஆகும். த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் இங்கு முதலிடத்தில் உள்ளபோதிலும், அதன் வசூல் மக்கள்தொகை விகிதத்தை ஒட்டியதே. வட அமெரிக்காவில் அது 93.6 கோடி டாலர் ஈட்டியிருந்தது. மாறாக, ஸ்கைஃபால் வட அமெரிக்காவில் 30.4 கோடி டாலர் பெற்றபோது, இங்கு அதில் பாதிக்கும் மேல் பெற்றது. நோ டைம் டு டை வட அமெரிக்காவில் ஏறத்தாழ 16.1 கோடி டாலர் பெற்றது. ஐந்தில் ஒரு பங்கு மக்களைக் கொண்ட பிரித்தானியச் சந்தை ஏறத்தாழ அதன் ஐந்தில் நான்கு பங்கை ஈட்டித் தந்தது.

இதற்கான காரணங்கள் பல. பாண்ட் படங்கள் 1962 முதல் வெளிவருகின்றன. பாட்டனும் பெயரனும் ஒன்றாகச் சென்று பார்க்கும் தொடர் இது. இளைஞர்கள் முதல் வாரத்திலேயே பார்த்துவிட, நடுத்தர வயதினரும் முதியோரும் பின்வரும் வாரங்களில் வார நாட்களிலும் வருவதால் வசூல் நீடிக்கின்றது. ஸ்கைஃபால் வெளியான ஆண்டு தொடரின் ஐம்பதாம் ஆண்டாகவும் இருந்தது. அதே ஆண்டின் இலண்டன் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் அரசி இரண்டாம் எலிசபெத்துடன் பாண்ட் வேடத்தில் டேனியல் கிரெய்க் தோன்றிய காட்சி படத்துக்குப் பெரும் விளம்பரமாக அமைந்தது. படமும் அமெரிக்காவுக்கு இரு வாரங்கள் முன்னதாகவே பிரித்தானியாவில் வெளியிடப்பட்டது.

பிற உள்நாட்டுத் தொடர்களிலும் இப்போக்கைக் காணலாம். ஹாரி பாட்டர் தொடரின் எட்டுப் படங்களும் (2001–2011) தலா 4.5 கோடி பவுண்டுக்கு மேல் ஈட்டின. பிரிட்ஜெட் ஜோன்ஸ் தொடரின் நான்காம் படம் 2025 இல் இங்கு ஏறத்தாழ 4.6 கோடி பவுண்டு ஈட்டியது. அமெரிக்காவில் அப்படம் திரையரங்குக்கே வராமல் இணையவழியில் நேரடியாக வெளியிடப்பட்டது. பேடிங்டன் கரடியின் மூன்று படங்களும் தலா 3.5 கோடி பவுண்டைத் தாண்டின.

தொடர்களின் தேய்வு

ஒரு தொடரின் பெயர் மட்டுமே வசூலை உறுதி செய்வதில்லை. ஸ்டார் வார்ஸ் தொடரின் முதன்மைக் கதையில் 2015 இல் 12.3 கோடி பவுண்டாக இருந்த வசூல், 2017 இல் ஏறத்தாழ 8.3 கோடியாகவும், 2019 இல் ஏறத்தாழ 5.8 கோடியாகவும் இறங்கியது. இடையில் 2018 இல் வந்த கிளைக்கதையான சோலோ 2 கோடியை ஒட்டியே ஈட்டியது. ஹாரி பாட்டர் உலகின் கிளைத்தொடரான ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் 2016 இல் 5 கோடிக்கு மேல் ஈட்டியது. அதன் மூன்றாம் படம் 2022 இல் 2 கோடியை ஒட்டி நின்றது.

பாண்ட் தொடர் இதற்கு மாறான திசையில் சென்றது. டை அனதர் டே (2002) ஏறத்தாழ 3.6 கோடி, கேசினோ ராயல் (2006) ஏறத்தாழ 5.5 கோடி, ஸ்கைஃபால் 10.3 கோடி என அது வளர்ந்தது. இப்படங்களுக்கிடையே பொதுவாக இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் இடைவெளி இருந்தது. ஸ்டார் வார்ஸ் படங்களோ 2015 முதல் 2019 வரை ஆண்டுக்கொன்றாக வெளிவந்தன. இடைவெளி மட்டுமே காரணம் எனக் கூறவியலாது. எனினும் அரிதாக வரும் படம் ஒரு நிகழ்வாகவும், அடிக்கடி வரும் படம் வழக்கமாகவும் கருதப்படுவது இயல்பே.

வருமானப் பங்கீடு

அறிவிக்கப்படும் வசூல் முழுவதும் தயாரிப்பாளரைச் சென்றடைவதில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 2011 சனவரி முதல் மதிப்புக்கூட்டு வரி 20% ஆகும். இது நுழைவுக்கட்டணத்திலேயே அடங்கியுள்ளதால், வசூலில் ஆறில் ஒரு பங்கு முதலில் வரியாகச் செல்கின்றது. எஞ்சியதைத் திரையரங்கும் விநியோகத்தரும் பகிர்ந்துகொள்கின்றனர். பெரிய தொடர்ப்படங்களுக்கு, குறிப்பாகத் தொடக்க வாரங்களில், விநியோகத்தர் கூடுதல் பங்கு கோருவது வழக்கம். ஆதலால் நிறைந்த அரங்கிலும் திரையரங்கு உரிமையாளரின் இலாபம் பெரும்பாலும் சிற்றுண்டி, குளிர்பான விற்பனையிலிருந்தே வருகின்றது.

"பிரித்தானியப் படம்" என்னும் சொல்லையும் எச்சரிக்கையுடன் கையாளவேண்டும். பைன்வுட் படப்பிடிப்பு வளாகத்தில் உருவான த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ், லீவ்ஸ்டனில் உருவான ஹாரி பாட்டர் படங்கள் ஆகியன உள்நாட்டுத் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு வேலை அளித்தன. ஆனால் அவற்றின் இலாபம் அமெரிக்க நிறுவனங்களைச் சேர்ந்தது. அமெரிக்கப் பெருநிறுவன முதலீடின்றி எடுக்கப்பட்டு 4.5 கோடி பவுண்டைத் தொட்ட த கிங்ஸ் ஸ்பீச், த இன்பிட்வீனர்ஸ் மூவி (இரண்டும் 2011) போன்ற படங்கள் அரிதாகவே தோன்றுகின்றன.

2020 முடக்கமும் அதன் பின்னரும்

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் நாடெங்கும் திரையரங்குகள் மூடப்பட்டன. கோடையில் மீண்டும் திறக்கப்பட்டு, நுழைவுக்கட்டணத்துக்கான வரி 5% ஆகக் குறைக்கப்பட்டபோதிலும், திரையிடுவதற்குப் புதிய படங்கள் இருக்கவில்லை. ஆகத்து இறுதியில் வெளியான டெனெட் மட்டுமே அக்காலத்துப் பெரும்படமாக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலிலிருந்து நவம்பருக்குத் தள்ளப்பட்டிருந்த நோ டைம் டு டை, அக்டோபர் தொடக்கத்தில் மறுபடியும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. சில நாட்களிலேயே சினிவேர்ல்ட் நிறுவனம் ஐக்கிய இராச்சியத்திலிருந்த தனது 127 திரையரங்குகளையும் அமெரிக்காவிலிருந்தவற்றையும் தற்காலிகமாக மூடியது. இரு நாடுகளிலும் ஏறத்தாழ 45,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர். ஒரேயொரு படத்தின் வெளியீட்டுத் தேதி மாற்றம் நாட்டின் மிகப்பெரிய திரையரங்கு நிறுவனத்தையே மூடவைத்தது என்பது, தொடர்ப்படங்களைச் சார்ந்திருப்பதன் ஆழத்தைக் காட்டுகின்றது.

அவ்வாண்டில் 4.4 கோடி நுழைவுச்சீட்டுகளே விற்பனையாயின. 2021 செப்டம்பர் இறுதியில் பாண்ட் படமும், திசம்பரில் ஸ்பைடர்-மேன் படமும் வெளியாகி மக்களை மீண்டும் அழைத்துவந்தன. எனினும் மீட்சி முழுமையடையவில்லை. 2019 இல் 17.6 கோடியாக இருந்த நுழைவுச்சீட்டு விற்பனை, 2023 இல் ஏறத்தாழ 12.4 கோடியாகவும் 2024 இல் 12.6 கோடியைச் சற்றுத் தாண்டியும் இருந்தது. சினிவேர்ல்ட் 2022 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2023 சூலையில் எம்பயர் சினிமாஸ் நிறுவனம் நொடித்துப்போனது. முன்னர் திரையரங்கு வெளியீட்டுக்கும் வீட்டில் பார்ப்பதற்கும் இடையே ஏறத்தாழ 16 வாரங்கள் இருந்தன. முடக்கத்துக்குப் பின்னர் இவ்விடைவெளி பல படங்களுக்குப் பெரிதும் சுருங்கியது.

மதிப்பீடு

மேற்கண்ட தரவுகளிலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பிரித்தானியச் சந்தை அமெரிக்கச் சந்தையின் சிறிய நகல் அன்று. பாண்ட், பாட்டர், பேடிங்டன், பிரிட்ஜெட் ஜோன்ஸ் ஆகியோர் இங்கு பெறும் இடத்தை மீநாயகர்கள் எளிதில் பெறுவதில்லை. இரண்டாவது, அவ்வாறு உறுதியாக வசூல் தரும் தொடர்கள் மிகச் சிலவே. பெருநகர வளாகம் ஒரு படம் தவறினால் மற்றொன்றைத் திரையிடலாம். ஒன்றிரண்டு திரைகளே கொண்ட சிறுநகர அரங்குக்கு அவ்வாய்ப்புக் குறைவு.

ஜேம்ஸ் பாண்ட் தொடரின் படைப்புசார் கட்டுப்பாடு 2025 பெப்ரவரியில் அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்துக்குச் செல்வதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சூனில் அடுத்த படத்தின் இயக்குநராக டெனி வில்நெவ் அறிவிக்கப்பட்டார். பிரித்தானியத் திரையரங்குகளுக்கு மிகுந்த வருமானம் ஈட்டித் தந்த தொடர், இணையவழித் திரையிடலையும் நடத்தும் ஒரு நிறுவனத்தின் கையில் உள்ளது. அடுத்த பாண்ட் படம் எத்தனை வாரங்கள் திரையரங்குக்கு மட்டுமே உரியதாக இருக்கும் என்பது, அப்படத்தின் வசூலை மட்டுமன்றிப் பல அரங்குகளின் நிலைப்பையும் தீர்மானிக்கக்கூடியதாகும்.