அவன் வீரப் பெருந்தகையா?

ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய கேன்டர்பரிக் கதைகளுள், பாத் நகரத்து மனைவி கூறுவதாக அமைந்த கதை ஒன்று உண்டு. அதன் தமிழ்ச் சுருக்கங்கள் சிலவற்றைப் படிக்க நேர்ந்தது. ஆர்தர் மன்னனின் அவையில் ஒரு வீரன், பெண்கள் மிகுதியும் விரும்புவது யாது என்பது அவன்முன் வைக்கப்பெற்ற புதிர், விடை பகர்ந்த கிழவியை அவன் மணக்க நேர்கிறது, தயங்கித் தயங்கி மணக்கிறான், கிழவி பேரழகியாகிறாள், கதை முடிகிறது. அன்பு எதனையும் அழகாக்கும் என்று இறுதியில் ஒரு நீதியும் ஒட்டப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, அவ்வீரனுக்கு 'வீரப் பெருந்தகை' என்னும் பட்டம் வேறு!

ஆசிரியப் பெருமக்களை ஒன்று வினவுகிறேன். அந்தப் புதிர் அவன்முன் ஏன் வைக்கப்பட்டது? அறிவுப் போட்டியிலா அவன் கலந்துகொண்டான்?

மூலத்தைத் திறந்து பாருங்கள். ஆற்றுப்பக்கமிருந்து குதிரைமேல் வருகின்றவன், தனியே நடந்து செல்லும் கன்னிப்பெண் ஒருத்தியைக் காண்கிறான். அவள் மறுக்க மறுக்க, வன்முறையால் அவளது கற்பைச் சூறையாடுகிறான். மக்கள் மன்னனிடம் முறையிடுகின்றனர். அவன் தலையை வெட்டுமாறு தீர்ப்பாகிறது. அரசியும் அவைப் பெண்டிரும் இரந்து வேண்டியதனால் மன்னன் அவனை அரசியின் கையில் ஒப்படைக்கிறான். ஓராண்டும் ஒரு நாளும் தவணை கொடுத்து அரசி கேட்கும் கேள்விதான் அப்புதிர். உயிர்ப்பிச்சைக்கு வைத்த விலை அது. இதனை மறைத்துவிட்டுக் கதை சொல்பவர் குற்றவாளியைக் கூண்டிலிருந்து இறக்கி மணமேடையில் ஏற்றுகிறார்.

பிள்ளைகளுக்கு எதற்கு இந்தச் சேறு என்பர் சிலர். சிறுவர்க்கு ஆகாது எனின், வேறு கதை சொல்லுங்கள். உலகில் கதைக்கா பஞ்சம்? இக்கதையை எடுத்துக்கொண்டு அதன் முதுகெலும்பை உருவிவிட்டுக் கொடுப்பதுதான் தகாது. அவ்வாறு செய்யும்போது, நாம் பெரிதாக விரித்துரைக்கும் அந்தத் தயக்கம் பொருளற்றுப் போகிறது. அழகில்லாத பெண்ணைக் கண்டு ஓர் இளைஞன் முகம் சுளிக்கிறான் என்ற அளவில், நகைப்புக்குரிய செய்தியாகச் சுருங்கிவிடுகிறது.

உண்மையில் அத்தயக்கந்தான் கதையின் உயிர்நாடி. கணவன்மீதும் காதலன்மீதும் ஆளுமை செலுத்தவே பெண்கள் விழைகின்றனர் என்ற விடையால் உயிர் தப்பியவன், வாக்களித்தபடி தன்னை மணக்குமாறு கிழவி கேட்டதும் அலறுகிறான். தன் பொருள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு உடலை மட்டும் விட்டுவிடுமாறு மன்றாடுகிறான். யார் மன்றாடுகிறான் என்பதை எண்ணிப் பாருங்கள்! பிறள் ஒருத்தியின் உடலை அவள் இசைவின்றிக் கொண்டவன், தன் உடல் தன் இசைவின்றிக் கொள்ளப்படும் நாளில் கூக்குரலிடுகிறான். அவள் இசையவில்லை. மறைவாக மணம் முடிகிறது. பகல் முழுதும் ஆந்தையைப் போல் ஒளிந்து கிடக்கிறான். இரவில் படுக்கையில் புரண்டு புரண்டு தவிக்கிறான். கிழவியோ புன்னகையோடு படுத்திருக்கிறாள். முதற்காட்சியை வெட்டி எறிந்தவர்க்கு அந்தப் புன்னகையின் பொருள் எங்ஙனம் விளங்கும்?

இதனைச் சாசர் தற்செயலாக எழுதினார் என்றும் சொல்வதற்கில்லை. அவருடைய நண்பர் ஜான் கவர் இதே கதையைப் பாடியிருக்கிறார். அங்கே ஃபுளோரென்ட் என்னும் வீரன் போரில் ஒருவனைக் கொன்றதற்காகப் புதிரை எதிர்கொள்கிறான். 15ஆம் நூற்றாண்டுக் கதையொன்றில் கவேன் தன் மன்னனின் உயிரைக் காக்கவே அருவருப்பான பெண்ணை மணக்கிறான். அவ்விருவரும் மாசற்றவர்கள். சாசர்தாம் தம் வீரனின் தலைமேல் இக்குற்றத்தை ஏற்றியவர். கவிஞர் வேண்டுமென்றே சேர்த்ததை வேண்டுமென்றே நீக்குவதற்கு நாம் யார்?

அக்காலத்து மணமுறையையும் சற்று நோக்குதல் வேண்டும். மணமக்கள் இருவரின் இசைவே திருமணத்தை ஆக்குவது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை வகுத்துவிட்டது. ஏட்டளவில் நன்று. எனினும் ஏழு வயதில் நிச்சயம் செய்யலாம். பன்னிரண்டு வயதில் பெண்ணை மணமுடிக்கலாம். தந்தையை இழந்த நிலக்கிழாரின் பிள்ளைகளை மணமுடித்து வைக்கும் உரிமை விற்பனைப் பொருளாக இருந்தது. 1375இல் கென்ட் பகுதியைச் சேர்ந்த சிறுவன் ஒருவனின் காப்புரிமையும் மணவுரிமையும் சாசருக்கே வழங்கப்பட்டன. அவற்றால் அவர் பெற்ற தொகை 104 பவுன். 1215ஆம் ஆண்டின் மகா சாசனம் இத்தகைய பிள்ளைகளைக் குலத்தாழ்வான இடத்தில் மணமுடிக்கக் கூடாது என்றது. விருப்பமின்றி மணமுடிக்கக் கூடாது என்று கூறவில்லை. குலத்தாழ்வைக் குறிக்கும் அதே சட்டச்சொல்லைத்தான் நம் வீரனும் தன் புலம்பலில் ஆள்கிறான். விற்கப்பட்ட பெண்கள் வாய்திறவாமல் ஏற்றதை, ஆடவன் ஒருவன் ஒரே நாள் சுவைத்துப் பார்க்கிறான். பொறுக்க முடியவில்லை!

இனி, 'பெருந்தகை'க்கு வருவோம். குலத்தில் தாழ்ந்தவள் என்று அவன் இகழ்ந்ததும் கிழவி நூறு அடிகளுக்குக் குறையாமல் விடையிறுக்கிறாள். பெருந்தன்மை முன்னோரின் சொத்தாக வருவதன்று. இழிசெயல் புரிபவன் கோமகன் வயிற்றில் பிறந்தாலும் இழிந்தவனே என்பது அவள் வாதம். கதையே மறுத்துரைக்கும் பட்டத்தை மொழிபெயர்ப்பாளர் தம் கைப்பொருளாக அவனுக்கு வழங்கினால் அதை என்னென்பது? 'குதிரைவீரன்' போதும், 'நைட்' என்று ஒலிபெயர்த்தாலும் குற்றமில்லை.

சாசரைக் குறையற்றவர் என்று நான் வாதிட வரவில்லை. 1380ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றைக் காட்டி, அவர்மீதே இத்தகைய பழி இருந்ததாக ஆய்வாளர் நெடுங்காலம் ஐயுற்றனர். 2022இல் வெளிவந்த ஆவணங்களோ அது வேலையாள் தொடர்பான வழக்கு என்றே எண்ண வைக்கின்றன. ஆதலின் அவர் வாழ்வை விடுத்து, அவர் நூலிலேயே குறை காண்போம். இறுதியில் கிழவி ஒரு தெரிவை முன்வைக்கிறாள்: கிழவியாக இருந்து உண்மையான மனைவியாக வாழ்வதா, அழகியாகி அவனை ஐயத்தில் ஆழ்த்துவதா? முடிவை அவளிடமே விட்டுவிடுகிறான். உடனே அழகும் உண்மையும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. கொலைத்தண்டனைக்கு உரியவனுக்கு இத்துணைப் பெரிய பரிசா? இது எனக்கு உடன்பாடன்று. மாணவர் இதனை எதிர்த்து எழுதினால் முழு மதிப்பெண் வழங்குவேன்.

முதற்காட்சியை மறைக்காமல் இக்கதையை ஒருமுறை வகுப்பில் கூறினேன். அரசியின் கேள்வியையும் கிழவியின் விடையையும் மிக முயன்று விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்த மாணவி எழுந்து, "ஐயா, முதலில் வந்தாளே, அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்றாள். நூலைத் திருப்பிப் பார்த்தேன். கதை 408 அடிகள். முதற்பகுதியில் சில அடிகளில் வருகிறாள், பெயர் இல்லை. பெண்கள் விரும்புவது யாது என்று ஓராண்டுக்காலம் ஊரூராகக் கேட்டுத் திரிந்தவன், அவளிடம் மட்டும் போய்க் கேட்கவில்லை.