பாரம் சுமந்த வண்டி



பழைய பிக்கப் வண்டியொன்றை வாங்கி, வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ஓய்வு நாட்களில் அதைச் சீர்செய்ய விரும்புகிற சேக்காட்டு வாலிபர்களுக்கு இவ்வாரம் சில வார்த்தைகள் எழுதுகிறேன். இது வீண் பிரயாசம் என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் வண்டலூர் அருகே கார்களை உருவாக்கியதை மூத்தோர் அறிவார்கள். 1961-இல் வந்த அதன் ஹெரால்டு காரை இன்றும் பலர் பெருமையோடு நினைவுகூருகிறார்கள். ஆகிலும், அதே நிறுவனம் பிரிட்டனின் அட்லாஸ் வண்டியைத் தழுவிச் செய்த ‘ஸ்டாண்டர்ட் 20’ என்னும் சுமை வண்டியை நினைக்கிறவர் எத்தனை பேர்? காரை உறைபோட்டு மூடிக் காத்தார்கள். பிக்கப்பையோ அச்சு முறியும்வரை ஓட்டினார்கள். முறிந்தபின் காயலான் கடையில் எடைக்குப் போட்டார்கள்.

சட்டமும் இந்த வேற்றுமையைக் காட்டுகிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் பழமைச் சின்னமாகப் பதிவுசெய்யலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாமல் இருக்கவேண்டும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு அன்றி அன்றாட ஓட்டம் கூடாது. இவையெல்லாம் நியாயமே. ஆனால் இச்சலுகை சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கே உரியது. கூலிக்கு உழைத்த வண்டிக்கு அந்த வாசல் திறக்கவில்லை. வாடகை ஓட்டத்தை விட்டொழிந்த ஐம்பது வயது சரக்கு வண்டிக்கும் இம்மரியாதை கிடைக்கவேண்டும் என்பது என் திடமான எண்ணம். 1970-களில் பதிவான பிக்கப்புகள் இப்போதுதான் அந்த வயதை எட்டுகின்றன. தாமதித்தால் மரியாதை செய்ய வண்டிகளே மிஞ்சாது. ஆகையால், முன்பணம் கொடுக்குமுன் பதிவுச் சான்றில் எந்த வகையென்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

இனி வேலையின் வரிசை. வர்ணத்திற்குச் சேர்த்த பணத்தை முதலில் பிரேக்கில் போடுங்கள். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் யாவும் கழற்றிப் பார்க்கப்படவேண்டும். அக்காலத்துப் பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருந்தது. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடையுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் விளையாடும் திண்ணையருகே அதைத் தேய்த்துப் பறக்கவிடலாகாது. பெட்ரோல் டேங்க் ஒழுகினால் வீட்டில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். காலியாகத் தோன்றும் டேங்கிலும் ஆவி நிற்கும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

துருவைப் பட்டி வைத்து மூடுகிற டிங்கர் வேலை மலிவானது. ஆறு மாதத்தில் கொப்பளித்து வெளியே வரும். துருத்த பாகத்தை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, அதே கனமுள்ள தகட்டை இணைப்பதே முறை. சரக்குத் தட்டின் தரையிலுள்ள நசுங்கல்களை மட்டும் விட்டுவிடலாம் என்பேன். அவை மூட்டைகளும் பீப்பாய்களும் பதித்த அடையாளங்கள்.

இவ்வேலைக்கு நம் வட்டாரத்தைவிட வாய்ப்பான இடம் அரிது. பாடியில் 1960-களிலிருந்து மின்கருவிகளும் பிரேக்குகளும் சக்கரங்களும் செய்யப்படுகின்றன. ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி உருவானது. இத்தொழிற்சாலைகளில் கடைசல் பிடித்து, பற்சக்கரம் வெட்டி, ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம் தெருக்களில் வாழ்கிறார்கள். சந்தையில் கிடைக்காத ஒரு புஷ்ஷை அளவெடுத்துக் கடைந்துகொள்ளும் வழியை அவர்கள் அறிவார்கள். அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் முழுமையாக இல்லை. மருத்துவமனைப் படுக்கையருகே போய்க் கேட்கும் காரியமல்ல இது. ஒரு நாற்காலியைப் போட்டு, வண்டியருகே இப்போதே உட்காரவையுங்கள்.

ஒரு காரியம் மறவாதிருங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் வர்ணத்தைச் சுரண்டாதீர்கள். மழைக்காற்றில் வெறும் தகடு ஓரிரவில் செம்மை பூக்கும். பங்குனியில் சுரண்டி, அன்று மாலைக்குள் பிரைமர் அடித்துவிடுங்கள்.