வேர் சிகிச்சையில் அந்த ஒரு நிமிடம்

எங்கள் ஊர் ஸ்ரீமுஷ்ணம். பூமியைத் தன் கோரைப்பல்லில் தூக்கி வந்த பூவராகப் பெருமாளின் ஊர். பல்லின் பலத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பல்வலி வந்துவிட்டால் எல்லோரும் முதலில் சொல்வது, "புடுங்கிப் போட்டுடலாம்" என்பதுதான்.

நான் பல் மருத்துவ மாணவன். போன மாதம் என் அத்தையை வேர் சிகிச்சைக்காக சிதம்பரம் அழைத்துப் போனேன். மூன்றாவது முறை பஸ் ஏறும்போது அத்தை கேட்டார்: "ஏண்டா, எதிர்வீட்டுக்காரருக்கு வேற ஊர்ல அரை மணி நேரத்துல முடிச்சுட்டாங்களாமே. எனக்கு மட்டும் ஏன் தண்ணிய ஊத்தி ஊத்தி எடுக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. அந்த எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு வருடத்தில் அதே பல்லில் மறுபடி வீக்கம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேர் சிகிச்சை என்றால் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அது பெரும்பாலும் கழுவும் வேலை. பல்லின் எனாமலுக்கு உள்ளே இருப்பது டென்டின். எடையில் சுமார் 70 சதவீதம் தாது உப்பு, முக்கியமாக கால்சியமும் பாஸ்பேட்டும். மிச்சம் புரதமும் நீரும். பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் டென்டின் முழுக்க நுண்குழாய்கள்தான். நரம்புக்குப் பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 45,000க்கு மேல் இருக்கும். கிருமிகள் உள்ளே போய் ஒளிந்துகொள்ள அந்த அகலம் தாராளம்.

மருத்துவர் ஃபைல் வைத்துச் சுரண்டும்போது, டென்டின் தூளும் கிருமியும் நரம்பின் மிச்சமும் சேர்ந்து சுவரில் சாந்து பூசினாற்போல் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றிரண்டு மைக்ரான் கனம்தான், ஆனால் குழாய்களின் வாயை அடைத்துவிடும். சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமியைக் கொல்லும், நரம்புத் திசுவைக் கரைக்கும். தாதுத் தூளை மட்டும் அதனால் கரைக்க முடியாது.

அங்கேதான் இ.டி.டி.ஏ. வருகிறது. பிளஸ் டூ வேதியியலில் கொடுக்கிணைப்பு என்று படித்திருப்பீர்களே, அதேதான். பிச்சாவரம் நண்டு கொடுக்கால் கவ்வுகிற மாதிரி இது கால்சியத்தைக் கவ்வி இழுத்துவிடும். ரத்தப் பரிசோதனைக்கு ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுக்கிறார்களே, அதில் இருப்பதும் இதுதான். கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறைவதில்லை. வேர் சிகிச்சைக்கு இதை 1957ல் கொண்டுவந்தவர் நார்வேயைச் சேர்ந்த நைகார்ட் ஓஸ்ட்பி. இன்று வழக்கமாகப் பயன்படுவது 17 சதவீதக் கரைசல்.

நல்ல மருந்துதானே, நிறைய விட்டால் என்ன? அதுதான் ஆபத்து! தூளின் கால்சியம் எது, பல்லின் கால்சியம் எது என்று அதற்குத் தெரியாது. துருக்கியில் செய்து 2002ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நிமிடத்திலேயே அந்தப் படலம் போய்விட்டது. பத்து நிமிடம் விட்டபோது குழாய்களின் சுவரே அரித்துப்போயிருந்தது. ஹைப்போகுளோரைட்டோடு கலந்து விடுவதும் தவறு. குளோரினின் வேலை கெட்டுவிடும். ஒன்றை விட்டுக் கழுவி எடுத்த பிறகுதான் அடுத்தது.

இதனால் எல்லாப் பல்லும் பிழைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். லண்டனில் செய்து 2011ல் வெளியான பெரிய ஆய்வில், ஏற்கெனவே தோற்றுப்போய் மறுபடி செய்த சிகிச்சைகளில் இ.டி.டி.ஏ.வால் நல்ல பலன் தெரிந்தது. முதல் முறை சிகிச்சையில் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் மறுசிகிச்சைக்கு வருகிறவரிடம் இன்னொரு வாய்ப்பு பெரும்பாலும் மிச்சமிருக்காது. அடுத்து புடுங்குவதுதான்.

என் கருத்து இதுதான். ஒரே நாளில் முடிப்பது தவறில்லை, கழுவாமல் முடிப்பதுதான் தவறு. எத்தனை தடவை வரவேண்டும், கேப் என்ன விலை என்று கேட்கிற நாம், "ரப்பர் டேம் போடுவீர்களா? எதை வைத்துக் கழுவுவீர்கள்?" என்று கேட்பதே இல்லை. ஜொலிக்கிற கேப் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உள்ளே கழுவியது எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. தெரியாத வேலையில்தான் அவசரம் புகுந்துகொள்கிறது. மருத்துவர்களாகப் போகிற எங்களுக்கும் இது பொருந்தும். வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றாலும் கடிகாரத்தைப் பார்த்து அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இதையெல்லாம் பஸ்ஸிலேயே அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நல்லா கழுவச் சொல்லு" என்றார். அடுத்த வாரம் கேப் போட வேண்டும். மறுபடியும் சிதம்பரம் பஸ்!