கொண்டும் கொடுத்தும் வளர்ந்த கணிதம்

சிவகாசி அச்சகங்களில் உருவாகும் நாட்காட்டிகளிலும் குறிப்பேடுகளிலும் காணப்படும் 0 முதல் 9 வரையிலான எண்ணுருக்களுக்கு ‘இந்திய-அரபு எண்கள்’ என்பது பெயர். இப்பெயரில் ‘அரபு’ என்னும் சொல் தேவையா என வினவுவோர் உளர். எண்களை இந்தியா கண்டது; அரபு நாட்டார் அவற்றை ஐரோப்பாவுக்குச் சுமந்து சென்றனர்; அவ்வளவே என்பது அவர்தம் கருத்து. இக்கருத்தின் முற்பகுதி உண்மை. பிற்பகுதியோ பல நூற்றாண்டு உழைப்பை மறைத்துவிடுகிறது.

சுழியத்தையும் ஓர் எண்ணாகக் கொண்டு கணக்கிடும் விதிகளைப் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் வகுத்தார். எட்டாம் நூற்றாண்டில் இந்திய வானியல், கணித அறிவு பாக்தாத்தை அடைந்து அரபு மொழியில் இடம்பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, இந்தியரின் கணக்கிடும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். தாம் கற்ற முறை எந்நாட்டாருடையது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்நூலின் இலத்தீன் வடிவத்தின் வழியாக அவர் பெயரே ‘அல்காரிதம்’ என்னும் சொல்லாயிற்று.

கற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. சமன்பாடுகளை வகைப்படுத்தித் தீர்க்கும் மற்றொரு நூலையும் இயற்றினார். அதன் தலைப்பிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்னும் சொல்லிலிருந்தே ‘அல்ஜீப்ரா’ பிறந்தது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 கிடைக்கும், அவ்வெண் யாது? இஃது அந்நூலில் உள்ள கணக்கு. பத்தில் பாதி 5. அதன் வர்க்கமாகிய 25ஐ 39உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5ஐக் கழிக்க விடை 3. குறியீடுகள் ஏதுமின்றிச் சொற்களாலேயே வழியைக் கூறிய அவர், அது சரியாவதன் காரணத்தைச் சதுரம் வரைந்து மெய்ப்பித்தார். மாணவர் இன்று பயிலும் வர்க்கப் பூர்த்தி முறை இதுவே.

அவருக்குப் பின்னும் இப்பணி தொடர்ந்தது. தூசு பரப்பிய பலகையில் எழுதியும் அழித்தும் கணக்கிட்ட முறையை, தாளுக்கும் மைக்கும் ஏற்ப அல்உக்லிதிசி பத்தாம் நூற்றாண்டில் மாற்றியமைத்தார். தசம பின்னங்களையும் அவர் கையாண்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கந்தில் வாழ்ந்த அல்காஷி, பையின் மதிப்பை 16 தசம இடங்கள் வரை கணித்தார். இவை சுமந்து செல்வோர் செய்யும் செயல்கள் அல்ல.

ஒரு தொழிலைப் பிறரிடம் கற்றுத் தமதாக வளர்ப்பது எத்தகையது என்பதை விருதுநகர் மாவட்டம் நன்கறியும். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதனைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் அம்மண்ணில் வேரூன்றின. கற்ற இடம் கல்கத்தா என்பதால் சிவகாசியின் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. அதே அளவுகோலைப் பாக்தாத்துக்கும் பயன்படுத்துவதே நேர்மை.

வட ஆப்பிரிக்காவில் இவ்வெண்களைக் கற்ற இத்தாலியரான ஃபிபோனாச்சி, 1202இல் எழுதிய தம் நூலில் அவற்றை இந்தியரின் எண்ணுருக்கள் என்றே குறித்தார். பாக்தாத்தில் தொடங்கிய நன்றியுணர்வு அவர் வரை தொடர்ந்தது. நம்மிடம் பெற்றதை அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். அவர்களிடம் நாம் பெற்றதை மறைப்பது நமக்குப் பெருமை தராது. ‘இந்திய-அரபு எண்கள்’ என்னும் பெயரை முழுமையாகவே வழங்குவோம்.