பள்ளி மணியைக் கணினி அடிக்கலாமா?

பள்ளிப் பேருந்துக்காக விடியுமுன்னே பிள்ளையை எழுப்பும் பெற்றோருக்கு, இந்த நேரத்தை யார்தான் முடிவு செய்கிறார்கள் என்ற எரிச்சல் ஒரு நாளாவது வந்திருக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2017ஆம் ஆண்டு அந்த வேலை ஒரு கணினி நிரலிடம் ஒப்படைக்கப்பட்டது.

அங்கு ஒரே பேருந்து காலை 7.30 மணிப் பள்ளிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அடுத்து 8.30, 9.30 மணிப் பள்ளிகளுக்கும் ஓடும். ஆகவே பள்ளி நேரம் மாறினால் பேருந்தின் பாதையும் மாறும், செலவும் மாறும். பாதையையும் நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். 200 பள்ளிகளுக்கு இந்த மூன்று நேரங்களில் ஒன்றை ஒதுக்குவதாக வைத்துக்கொண்டாலே, போடக்கூடிய பட்டியல்களின் எண்ணிக்கை 96 இலக்கங்களில் வரும். அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்தக் கணினியாலும் முடியாது.

இதற்குக் கைகொடுப்பவைதான் ஹியூரிஸ்டிக் முறைகள். ஏதாவதொரு பட்டியலில் தொடங்கி, சில பள்ளிகளின் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். முன்னதைவிட மேலாக இருந்தால் வைத்துக்கொண்டு, மீண்டும் மாற்றுவார்கள். இப்படிக் கிடைப்பது நல்ல விடை. அதைவிடச் சிறந்தது இல்லை என்ற உத்தரவாதம் கிடையாது.

எம்.ஐ.டி.யின் பேராசிரியர் டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய நிரல், முதலில் பாதைகளைச் சீரமைத்து 50 பேருந்துகளைக் குறைத்தது. ஆண்டுக்கு 5 மில்லியன் டாலர் மிச்சம்.

அடுத்து பள்ளி நேரங்கள். பதின்ம வயதினருக்குக் காலைத் தூக்கம் தேவை என்பதால் உயர்நிலைப் பள்ளிகளைத் தாமதமாகத் தொடங்க நினைத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் பேருந்துகள் அதேதானே! பல தொடக்கப் பள்ளிகளின் நேரம் முன்னே தள்ளப்பட்டது, சிலவற்றுக்கு 7.15 மணி. டிசம்பரில் பட்டியல் வெளியானதும் பெற்றோர் கொதித்தெழுந்தனர். அந்த மாதம் முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. பதின்ம வயதினரின் தூக்கம் பழையபடியே பறிபோனது.

பலர் கணினியைத் திட்டினர். நான் திட்டமாட்டேன். பேருந்துச் செலவுக்கு எத்தனை மதிப்பெண், வேலைக்குப் போகும் தாயின் நேரத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பது மனிதர்கள். அந்தக் கட்டத்திலேயே பெற்றோரை உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஏறக்குறைய சமமான பல விடைகளைத் தருவது இம்முறைகளின் பலம். செலவு கொஞ்சம் கூடினாலும் மாற்றம் குறைவான பட்டியல் ஒன்று, சிறு பிள்ளைகளை அதிகம் பாதிக்காத பட்டியல் ஒன்று என நாலைந்தை மக்கள் முன் வைத்திருக்கலாம். பெற்றோர் கையில் கிடைத்ததோ ஒரே பட்டியல்!

நாளை நம் ஊரிலும் பேருந்து நேரத்தையோ குப்பை லாரியின் பாதையையோ மாற்றிவிட்டு, "கணினி சொல்லிவிட்டது" என்று யாராவது சொல்லக்கூடும். அப்போது தயங்காமல் கேளுங்கள்: "அது சொன்ன மற்ற விடைகள் எங்கே?"