பாய்லர் புகை குப்பையா, சரக்கா?

காட்பாடி, வேலூர் தொடங்கி ஆம்பூர் வரையிலான தோல் ஆலைகளின் பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா?

முடியும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016-ல் அது நடந்தது. நிலக்கரி பாய்லர் புகையில் பிடித்த வாயு, சோடா சாம்பல் ஆனது. அங்கே வாயுவைப் பிடித்தது ஒரு திரவம். வாயுவை விடுவிக்க அந்தத் திரவத்தைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டும், செலவு அதிகம்.

சியோலைட் போன்ற நுண்துளைத் திடப்பொருளில் அந்தச் செலவைக் குறைக்கலாம். வாயு துளைகளில் ஒட்டிக்கொள்ளும்; அழுத்தத்தைக் குறைத்தால் விட்டுவிடும். பெரிய தொல்லை ஈரம்தான். புகையை முதலில் உலர்த்தாவிட்டால் துளைகளைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்.

சரி, பிடித்த வாயு யாருக்கு? தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்க, அமோனியம் உப்புக்குப் பதில் கரியமில வாயுவைப் பயன்படுத்தும் முறை ஏற்கெனவே உண்டு. கழிவுநீரில் அமோனியாவும் குறையும்.

சிறு ஆலைகளுக்குத் தனித்தனியே இது கட்டுப்படியாகாது. கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கண்ட பகுதி இது. பொதுப் பாய்லர் வைத்து இதையும் முயன்று பார்க்கலாமே!